கொய்யா வீட்டில் ஜுசிலேனி யார்?

"அக்கா, அந்த ஊர்ல ஊசி போடுற அம்மாவுக்கு உன்ன யாருன்னு தெரியுமா?"

பேருந்து கிளம்பும் நேரத்தில் வால்டிர் இப்படிக் கேட்டான். ஜுசிலேனியின் தம்பி, அப்போது அவனுக்கு ஐந்து வயது. கல்லூரிக்குப் போகிற அக்காவிடம் கேட்க அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"தெரியாதுடா," என்று அவள் அவன் தலையைத் தடவினாள். "அதுதான் நல்லது."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. லாப்பா செக்கா மிகச் சின்ன ஊர். பதினொரு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றிலிருந்து அவள் வாய் ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. பிறந்தநாள் வீட்டில் கேக்கின் பக்கம் கையை நீட்டினால் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். கடைக்காரர் மிட்டாய் ஜாடியை அவள் கண்ணில் படாமல் திருப்பி வைப்பார். கோவில் திருநாள் ஊர்வலத்தில் தேவதை வேடம் போட ஒரு வருஷம் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி வழியில் மயங்கிவிடுவாள் என்று பயந்து, இறக்கையைக் கழற்றி வேறு பிள்ளைக்கு மாட்டிவிட்டார்கள். அத்தனையும் அன்புதான். ஆனால் ஏழு வருஷம் அந்த அன்பின் கீழ் வளர்ந்த பெண், யாருக்கும் தன்னைத் தெரியாத ஓர் ஊருக்குப் போகிறோம் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டுதான் பேருந்து ஏறினாள்.

மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதில் மூன்று மாதத்துக்கு வேண்டிய இன்சுலின் குப்பிகளும் ஐஸ் பொட்டலங்களும். கைப்பையில் ஊர் நர்ஸ் கொடுத்த கடிதம். "போன முதல் வாரமே அங்க இருக்கிற சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சுக்கோ, மறந்துடாதே" என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மூன்று மாதத்துக்கு மருந்து கையில் இருக்கும்போது யாருக்குத்தான் அவசரம் வரும்?

பதினான்கு மணிநேரப் பயணத்துக்குப் பிறகு கல்லூரி இருக்கும் மலைநகரமான ஓரோ ப்ரெட்டோவில் இறங்கி, கல் பாவிய செங்குத்துத் தெருவில் மூச்சு வாங்க ஏறி, கொய்யா வீட்டின் கதவைத் தட்டினாள்.

அந்தத் தெரு முழுக்க மாணவர் வீடுகள்தான். ஒவ்வொன்றும் தனி ராஜ்யம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கொல்லையில் ஒரு கொய்யா மரம் நின்றதால் இது கொய்யா வீடு. உள்ளே பத்துப் பெண்கள். இவளோடு பதினொன்று. அந்த வீடுகளில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். அது விழுந்த நிமிஷத்திலிருந்து அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். பட்டப்பெயரை ஓர் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கு மாதம் திரிய வேண்டும். தட்டு கழுவுவது, பக்கத்து வீடுகளுக்குத் தூது போவது எல்லாம் புதியவர் வேலை. நான்கு மாதம் முடிந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கை தூக்குவார்கள். ஒரு கை தூக்கப்படாவிட்டாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கதவைத் திறந்தவள் வீட்டின் மூத்தவள், சுரங்கப் பொறியியல் கடைசி வருஷம். அவள் பேசினால் கண்ணாடி ஜன்னல் அதிரும் என்பதால் அவள் பெயர் இடி. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"ஐஸ்பெட்டி," என்றாள். அவ்வளவுதான். ஞானஸ்நானம் முடிந்தது.

ஜுசிலேனிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. பெட்டிக்குள் என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை என்பது அதைவிடப் பிடித்தது. அன்றைக்கே குப்பிகளை எல்லாம் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி, பொதுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி வைத்தாள். ஊசியைக் குளியலறையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் சொர்க்கமாகப் போனது. வகுப்புகள், மலைச்சரிவுகள், தேவாலய மணிகள், வீடு முழுக்கச் சிரிப்பு. ஒரே ஓர் உறுத்தல். ஞாயிறுதோறும் ஆந்தை என்கிற பெண் பெரிய பாத்திரத்தில் கொய்யா இனிப்புக் கிண்டுவாள். இரவு கண் விழித்துப் படித்துப் பகலில் தூங்கிவழிவதால் அவள் ஆந்தை. அந்த இனிப்பு கொய்யா வீட்டின் கௌரவம். வெட்டி, மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்து நீட்டுவாள்.

"வேணாம், வயிறு நிறைஞ்சிருக்கு," என்பாள் ஜுசிலேனி.

மூன்று ஞாயிறு, மூன்று தடவை வயிறு நிறைந்திருந்தது. மூன்றாவது தடவை ஆந்தையின் முகம் சுருங்கியதை அவள் கவனிக்கவே செய்தாள். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். இறக்கையைக் கழற்றி வேறு பிள்ளைக்கு மாட்டுவார்கள்.

நான்காவது திங்கட்கிழமை காலை குளிர்பெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டு பளிச்சென்று துடைத்திருந்தது. டப்பாவைக் காணோம்.

"என் டப்பா... ஐஸ்கிரீம் டப்பா எங்க?"

"அதுவா?" ஆந்தை கொட்டாவி விட்டாள். "நேத்து நான்தான் எல்லாம் ஒதுங்க வெச்சேன். மூணு வாரமா கீழயே கிடந்துச்சு, பீன்ஸ் புளிச்சுப் போகாதான்னு எடுத்து மேல உறைபெட்டியில வெச்சிட்டேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலாமே!"

ஆந்தையைக் குற்றம் சொல்லவே முடியாது. அந்த நாட்டில் எந்த வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருந்ததில்லை. ஆசையோடு திறக்கிற பிள்ளைக்கு வேகவைத்த பீன்ஸ்தான் கிடைக்கும். இதைத் தெரிந்துதான் ஜுசிலேனியும் யாரும் திறக்கமாட்டார்கள் என்று அதில் ஒளித்துவைத்தாள். அந்த நம்பிக்கை பலித்தது. ஒருத்தியும் திறக்கவில்லை.

"நன்றி," என்றாள். மேலே திறந்து பார்த்தாள். குப்பிகள் அத்தனையும் கல்லாக உறைந்திருந்தன. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது என்பதைப் பதினொரு வயதிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது, கைப்பையில் அன்றாடம் எடுத்துப்போகிற ஒரே குப்பி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கணக்குப் போட்டாள். வியாழன் காலை வரைக்கும் வரும்.

மதியமே சரிவில் இறங்கிச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். மேஜையில் இருந்தவர் பெரிய மீசைக்காரர். நர்ஸின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"எந்த வீடு?"

"கொய்யா வீடு."

"ஓகோ! அங்கயா? மின்சார ரசீது உன் பேர்ல இருக்காம்மா?"

"இல்லீங்க."

"யார் பேர்ல இருக்கு?"

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்த யாரோ ஒருத்தங்க பேர்ல."

"அவங்கள வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லேன்."

"அவங்க செத்துட்டாங்கன்னு சொல்றாங்க."

மீசைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பரவாயில்ல, இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் செத்தவங்கதான் கரண்ட் கட்டுறாங்க. கவலப்படாத. உங்க சரிவுல வீடு வீடா போறது சுலெய்தியம்மா பொறுப்பு. அவங்க நேர்ல வந்து விசாரிப்பாங்க. வீட்டுல யாராவது ஒருத்தர், ஆமா இந்தப் பொண்ணு இங்கதான் இருக்குன்னு சொன்னாப் போதும். அன்னைக்கே டாக்டரப் பாத்து மருந்து வாங்கிக்கலாம். மூணு தடவை வருவாங்க. மூணு தடவையும் அப்படி ஆளே இல்லன்னு சொல்லிட்டா, பேரை அடிச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சரியா? மருந்து கையில இருக்குல்ல? அவசரம் ஒன்னும் இல்லியே?"

இங்கேதான் அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனுஷர், உடனே எழுந்து உள்ளே ஓடியிருப்பார். ஆனால் வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கேட்கிறார்களோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல," என்றாள் மெதுவாக. "அவசரம் இல்ல."

தொலைபேசி எண் கேட்ட இடத்தில், பழக்க தோஷத்தில் லாப்பா செக்காவில் இருக்கும் அம்மாவின் எண்ணையே எழுதிக் கொடுத்தாள். மேடு ஏறும்போது மனசு லேசாக இருந்தது. இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள் என்று யாராவது ஒருத்தி சொன்னால் போதும். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் அது ஒரு காரியமா?

செவ்வாய் முழுநாளும் வகுப்பு. மாலை வந்து பார்த்தாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. புதனும் அப்படியே. புதன் மாலை எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் ஆந்தை வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கும் வந்துச்சுடி அந்த அம்மா."

"எந்த அம்மா?" என்றாள் இடி.

"சுகாதார நிலையத்து அம்மா. நீலச் சட்டை, தோள்ல பெரிய பை. நேத்து வந்து ஜுசிலேனி இருக்காளான்னு கேட்டுச்சு. இன்னைக்கும் அதே பாட்டு."

"ஜுசிலேனியா? யாருடி அவ?"

"அதத்தான் நானும் சொன்னேன். அப்படி யாரும் இந்த வீட்டுல வந்ததும் இல்ல, போனதும் இல்லன்னு."

மேஜை முழுக்கச் சிரிப்பு. ஜுசிலேனியின் கையில் இருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"பாவம் அந்த ஜுசிலேனி, என்ன பண்ணாளோ," என்றாள் ஒருத்தி.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடி வந்திருப்பா."

"அதுக்கு ஏன்டி சுகாதார நிலையம் தேடுது? மாப்பிள்ளையில்ல தேடணும்!"

"அப்ப தொத்து வியாதியா இருக்கும். கடவுளே, நம்ம தெருவுலயா? ஐஸ்பெட்டி, அந்தச் சோத்த இப்படித் தள்ளு."

ஜுசிலேனி சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என்ன விஷயம்னு அந்த அம்மா சொல்லலியா?"

"நானா விடுவேன்?" ஆந்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு விதமா கேட்டுப் பாத்தேன். ஆள் எப்படி இருப்பா, என்ன உடம்புக்கு, ஏதாவது அடையாளம் சொல்லுங்கன்னு. அசையணுமே! அது அந்தப் பொண்ணு சொல்ல வேண்டியது, நான் சொல்லக்கூடாதுன்னு ஒரே பேச்சு. படியில உக்காந்து முட்டியத் தடவிக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுச்சு. நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசியா ஒரு தடவை வரேன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுச்சு. அழுத்தக்காரி!"

ஜுசிலேனி எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். அந்த அம்மாவின் காகிதத்தில் எல்லாம் எழுதியிருக்கும். தினமும் ஊசி போட்டுக்கொள்கிற பெண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இனிப்பைத் தொடாதவள், குளியலறையில் நேரம் போக்குகிறவள் என்று இந்தப் பத்துப் பேரும் நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். வேலையும் முதல் நாளே முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காக, முகம் தெரியாத ஒரு பெண் வலிக்கிற முட்டியோடு அந்தச் செங்குத்துச் சரிவில் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். நாளை மூன்றாவது தடவையும் ஏறப்போகிறாள்.

இரக்கம் பலருக்குப் பேச்சாகத்தான் வரும். சிலருக்குத்தான் அது வாயை மூடிக்கொள்வதாக வரும். கடவுள் இப்படிப்பட்டவர்களை ஊருக்கு ஒருவராவது வைத்திருக்கிறார்.

குழாயை மூடினாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். உறைபெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்துவந்து மேஜை நடுவில் வைத்தாள்.

"இதுல பீன்ஸ் இல்ல," என்றாள்.

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

"ஐஸ்கிரீமா?" என்று ஒருத்தி நம்பிக்கையோடு கேட்டாள்.

"இன்சுலின். எனக்குச் சர்க்கரை நோய். பதினொரு வயசுல இருந்து. அப்புறம்..." கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி, பின்பக்கம் பேனாவால் பெரிதாக எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி மாட்டிக்கொண்டாள். "நான்தான் ஜுசிலேனி."

ஆந்தை இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! உன் மருந்த நான் கொன்னுட்டேன்!"

"நீ என்ன பண்ணுவ, பீன்ஸுன்னு நெனச்ச."

"சாமி சத்தியமா பீன்ஸுன்னுதான் நெனச்சேன்! அதோட உன்ன இந்த வீட்டுலயே இல்லன்னும் ரெண்டு தடவை சொல்லிட்டேன்! ரெண்டு தடவை! பைபிள்ல சாமியத் தெரியாதுன்னு சொன்ன சீடன் மாதிரி, சேவல் மட்டும்தான் கூவல!"

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக விட்டார்கள். அவ்வளவுதான், மேஜையே குலுங்கியது. ஜுசிலேனிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. இடி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவள் எதிரில் நின்றாள்.

"அப்ப மூணு வாரமா கொய்யா இனிப்பு வேணாம்னு சொன்னது இதுக்காகவா?"

"ஆமா."

"நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? நம்ம சமையல் இவளுக்கு மட்டம்னு. திமிர் பிடிச்சவ, கை தூக்கக் கூடாதுன்னு ஆந்தை என் காதுல ஓதிக்கிட்டே இருந்தா." இடியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "இன்னும் எவ்வளவு மருந்து இருக்கு?"

"நாளைக் காலைக்கு மட்டும்."

"நாளைக் காலையோட தீந்துடுமா! சுகாதார நிலையத்துல அந்த மீசைக்காரர்கிட்ட சொன்னியா?"

"அவசரம் இல்லன்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"வெட்கமா இருந்துச்சு."

இடி கூரையைப் பார்த்தாள். "ஆண்டவரே, இந்த மாதிரி அறிவாளிகளையெல்லாம் எங்க வீட்டுக்கே ஏன் அனுப்புற?" பிறகு எல்லோர் பக்கமும் திரும்பினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தியும் வகுப்புக்குப் போகக்கூடாது. எல்லாரும் வாசப்படியில இருக்கணும். ஐஸ்பெட்டி, இன்னைக்கே உடம்பு ஏதாவது பண்ணா என்னை எழுப்பு, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீ போய்த் தட்டக் கழுவு."

"இப்பவுமா?" என்றாள் ஆந்தை அதிர்ச்சியாக. "உடம்பு சரியில்லாத புள்ள..."

"சர்க்கரை நோய்க்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்? கை நல்லாத்தான இருக்கு?"

ஜுசிலேனி தொட்டிக்குத் திரும்பிப் போனாள். பதினோரு தட்டுகளையும் கழுவினாள். வாழ்க்கையில் அதுவரை எந்த வேலையையும் அவள் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை. இறக்கையை யாரும் கழற்றவில்லை.

மறுநாள் காலை கடைசி மருந்தை, ஒளியாமல், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். ஆந்தை விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று ஏமாந்தாள்.

பத்து மணிக்குச் சுலெய்தியம்மா சரிவில் ஏறி வந்தார். குள்ளமான, உருண்டையான பெண்மணி. ஐந்து அடிக்கு ஒரு தடவை நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். நிமிர்ந்து பார்த்தபோது கொய்யா வீட்டுப் படிகளில் பதினோரு பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஜுசிலேனி இங்கதான் இருக்கா!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

சுலெய்தியம்மா பையை இறக்கி வைத்தார். "நேத்து வரைக்கும் இல்லையே? ராத்திரியிலயா பொறந்தா?"

ஆந்தை நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொரு நாற்காலியைக் கால் நீட்டிக்கொள்ளப் போட்டாள். சுலெய்தியம்மா உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

"வந்ததே வந்தேன், வீட்டுல இருக்கிற எல்லாரையும் எழுதிடுறேன். உன் பேரு?"

"ஆந்தை."

"பறவைங்களுக்கு வேற ஆபீஸ் இருக்கு. சாமியார் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தும்போது என்ன பேரு சொன்னாரு?"

"கிராசியேமா," என்றாள் ஆந்தை. அந்தப் பாட்டி காலத்துப் பெயரைச் சொன்னதும் காது சிவந்தது.

"கிராசியேமாவா!" மற்றவர்கள் கைதட்டினார்கள். மூன்று வருஷமாக ஒரே அறையில் படுக்கிறவளுக்குக்கூட அது புதுச் செய்தி.

"நீ?"

இடி தரையைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் குரல் ஜன்னலை அசைக்கவில்லை. "யூஃப்ராசியா."

"கேக்கல கண்ணு."

"யூஃப்ராசியா!" இந்த முறை ஜன்னல் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இப்படியே பதினோரு பெயர்களும் வெளியே வந்தன. பெத்ரோனீலா ஒருத்தி, அன்சியாத்தா ஒருத்தி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கைதட்டல். பள்ளிக்கூட ஆண்டுவிழா தோற்றது.

எழுதி முடித்ததும் சுலெய்தியம்மா ஜுசிலேனியைத் தனியே கூப்பிட்டார்.

"நீயே சொல்லிட்டியா இவங்ககிட்ட?"

"சொல்லிட்டேன்."

"நல்லது." பிறகு அவர் கண்கள் கூர்மையாயின. "மருந்து எவ்வளவு இருக்கு?"

"காலையில தீந்துபோச்சு."

"நிலையத்து மேஜையில ஏன் சொல்லல? மடப்பொண்ணே! சொல்லியிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பாங்களே. இன்சுலின்னு காகிதத்துல பாத்துட்டுத்தான் நான் விடாம ஏறி வந்தேன். கிளம்பு, இப்பவே போலாம்."

"நானும் வரேன்," என்றாள் ஆந்தை. உடனே மற்றவர்களும் செருப்பு மாட்டினார்கள். பழைய தெர்மோகோல் பெட்டியைக் கழுவித் துடைத்து ஐஸ் போட்டு, ஆந்தையும் இடியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சரிவில் அந்தப் பெட்டி முன்னால் போக, பின்னால் மற்றவர்கள் போக, பார்த்தவர்களுக்குத் திருநாளில் புனிதர் சிலை எடுத்துப் போகிற மாதிரியே இருந்தது. ஒரு கிழவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

இறங்கும்போது சுலெய்தியம்மா ஜுசிலேனியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

"இந்தச் சரிவுல மட்டும் இப்படி பதினாலு வீடு இருக்கு. கிட்டத்தட்ட எரநூறு புள்ளைங்க. அடுத்த மாசம் ஃப்ளூ தடுப்பூசி போடணும், அதுக்குள்ள எல்லாரையும் எழுதணும். கதவத் தட்டுனா ஒன்னு ஆள் இருக்கமாட்டாங்க, இருந்தா கிளி இருக்கு, திருகாணி இருக்கு, சோப்புக்கட்டி இருக்குன்னு சொல்றாங்க. ஒரு கிறிஸ்தவப் பேரு கிடையாது. எல்லாரையும் பிடிக்கறதுக்குள்ள என் முட்டி கல்லறைக்குப் போயிடும்."

"நீங்க எனக்காக மூணு தடவை..." என்று ஜுசிலேனி ஆரம்பித்தாள். "எப்படி உங்களுக்கு..."

"ஊசிய நேரத்துக்குப் போடு. அது போதும். அந்தக் கல்லப் பாத்து வை, வழுக்கும்."

மீசைக்காரர் பதினோரு பேர் உள்ளே வருவதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். டாக்டர் அவளைச் சோதித்து, நன்றாகத் திட்டி, சீட்டு எழுதினார். மதிய மணி அடிப்பதற்குள் புதுக் குப்பிகள் பெட்டிக்குள் இருந்தன. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இப்போது ஆந்தை கையால் ஒட்டிய சீட்டு ஒன்று தொங்குகிறது: 'பீன்ஸ் அல்ல. தொட்டால் கை போகும்.' அடுத்த ஞாயிறு அவள் சர்க்கரை போடாமல் கொய்யா இனிப்புக் கிண்டினாள். சுவரில் பூசுகிற சாந்து மாதிரி இருந்தது. ஜுசிலேனிக்காக எல்லோரும் ஆளுக்கு ஒரு கரண்டி விழுங்கினார்கள். இடி இரண்டு கரண்டி.

இதெல்லாம் ஊரறிய நடந்தது. ஊரறியாமல் நடந்தது ஒன்று உண்டு.

புதியவள் என்பதால் ஜுசிலேனி தினமும் எந்த வீட்டுக்காவது தூது போக வேண்டியிருந்தது. இங்கே ஒரு முட்டை கடன், அங்கே ஒரு வாணலி, இன்னொரு வீட்டில் கிட்டார் கம்பி. அந்தச் சரிவில் எந்தக் கதவும் அவளுக்கு மூடியிருக்காது. போகிற இடத்தில் எல்லாம் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினாள். "தடுப்பூசிக்கு எழுதணுமாம். உங்க நிஜப் பேரு, பிறந்த தேதி, வீட்டுல இருக்கிற நேரம். நீங்களே எழுதுங்க." கிளி எழுதினான். திருகாணி எழுதினான். சோப்புக்கட்டி, பெயரை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எழுதினான். மூன்று வாரத்தில் பதினான்கு வீடும் முடிந்தன. வீட்டுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, எந்த வீட்டுக்கு எந்த நேரம் போனால் அதிகம் பேர் இருப்பார்கள் என்று மேலே எழுதினாள். சரிவில் கீழிருந்து மேலே, ஏறி இறங்காமல் ஒரே நடையில் முடிகிற வரிசையில் பக்கங்களை அடுக்கினாள். சுவரைப் பிடித்து நிற்க வசதியான இடங்களையும், படியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற வீடுகளையும் குறித்தாள். தன் பெயரை எங்கும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மணி அடித்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் கோவிலுக்குள் போன பிறகு, ஜுசிலேனி பக்கத்துச் சந்து வழியாகச் சுகாதார நிலையத்துக்கு இறங்கினாள். கதவு பூட்டியிருந்தது. நோட்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் மேல் 'சுலெய்தியம்மாவுக்கு' என்று மட்டும் இருந்தது. மண்டியிட்டு அதைக் கதவின் அடியில் நுழைத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் வெளியே இழுத்து, நிமிர்த்தி, விரல் நுனியால் மெல்லத் தள்ளினாள். அது முழுதும் உள்ளே போய்விட்டது என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டபின், முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, பூசைக்கு நேரமாயிற்றே என்று வேகமாக மேடு ஏறினாள்.